அளந்து ஊற்றியவள்

நோயை நான் முதலில் பார்த்தது ஒரு புடவையில். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. இரண்டு நிறமும் சேருகிற இடத்தில், காலையில் நெய்த பகுதி மட்டும் ஏறியும் இறங்கியும் இருந்தது. மதியத்துக்கு மேல் நெய்தது ஒழுங்காக இருந்தது.

எங்கள் வீட்டில் கோர்வைப் புடவைதான் நெய்வோம். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் அதற்கு ஓர் ஆள் போதாது. என் கணவர் ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்து உடம்புக்கு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) விடுவார். நான் அவருக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து கரைக்கு நாடா விடுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். ஆகவே அவர் உடம்பில் என்ன நடந்தாலும் என் இடது தோளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தோளுக்கு நடுக்கம் தெரிந்தது. காலையில் தறியில் இறங்கியதும் அவர் கை ஆடும். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவார். திரும்பி வரும்போது கை நின்றிருக்கும். டீ வாசனை மட்டும் இருக்காது. அவர் குடிப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் வேலை முடிந்து குடித்துக்கொண்டிருந்தவர், வேலை செய்வதற்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தார். டாக்டர்கள் இதைச் சார்புநிலை (மது இல்லாமல் உடம்பு இயங்க முடியாத நிலை) என்கிறார்கள். எங்கள் தெருவில் "கை நிக்க வாணாமா?" என்பார்கள்.

என் கணவரின் அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்கிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பதிகம் முணுமுணுத்துக்கொண்டே தறிக்குப் போகிறவர். காபியைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது. தம்பியின் குடிக்கு அவர் கண்ட மருந்து கயிறு. ஆடி மாதம், தென்னேரிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, கையில் மஞ்சள் கயிறு கட்டி அழைத்து வந்தார். நம் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அன்று நான் பாயசம் வைத்தேன்.

மறுநாள் முழுக்க என் கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்கடுத்த நாள் தறியிலேயே வலிப்பு வந்து சாய்ந்தார். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கண் நிலைகொள்ளாமல் ஓட, யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உடம்பு உதறியது. மாமா கற்பூரத்தை ஏற்றிவிட்டார்.

"அம்மா வந்துட்டா. கயிறு கட்டினதுக்கு எறங்கி வந்துக்கினு இருக்கா" என்றார்.

செய்தி பரவ எவ்வளவு நேரம்? தெருவே கூடிவிட்டது. வேப்பிலை வந்தது, மஞ்சள் தண்ணீர் வந்தது. எதிர் வீட்டு அம்மா கைகூப்பி முன்னால் வந்து, "தாயே, என் பொண்ணுக்கு எப்போம்மா கல்யாணம் கூடும்?" என்று குறி கேட்டார்.

என் கணவர் அவரை வெறித்துப் பார்த்து, "கரை அறுந்துபோச்சி" என்றார். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கை எதையோ சொடுக்கி இழுத்தது. இடது கை எதையோ முன்னுக்கு இழுத்து அடித்தது. கால்கள் மாறி மாறி மிதித்தன. பிறகு எல்லாம் நின்று, வலப்பக்கம் திரும்பிக் கோபமாகக் காத்திருந்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"மாமா, இது சாமி இல்ல. அவரு தறில இருக்காரு. நான் நாடா உடலன்னு கோச்சிக்கிறாரு" என்றேன்.

யாரும் நம்பவில்லை. நான் போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, வெறுங்கையால் நாடா விட்டேன். அவர் கைகள் உடனே ஓட ஆரம்பித்தன. நான் நிறுத்தினால் நிறுத்தினார். மாமா கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி போகும்வரை நான் காற்றில் நாடா விட்டுக்கொண்டே போனேன். நிறுத்தினால் வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் கை கால்களைத் துணியால் கட்டிலோடு கட்டித்தான் ஊசி போட முடிந்தது. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். டெலீரியம் ட்ரெமன்ஸ் (நெடுநாள் குடி திடீரென நின்றதும் மூளை நிலைகுலைந்து, இல்லாததைக் காணும் நிலை) என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்து மறுபடி விளக்கினார்.

"அம்மா, வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவங்க வீட்டுலயே ஒரேயடியா நிறுத்தக்கூடாது. உயிரே போயிடும். மருந்து குடுத்து, கூடவே இருந்து பாத்துதான் நிறுத்தணும். கயிறு கட்டுங்க, வேணாங்கல. கட்டிட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்போது சத்தியம் செய்யத் தயாராக இருக்கலாம். சத்தியத்தை மனது செய்கிறது. உடம்பைக் கேட்டு யாரும் செய்வதில்லை.

தெளிந்து வீட்டுக்கு வந்தவர் தை மாதம் வரை தொடவில்லை. அப்புறம் திருப்புட்குழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஊற்ற, இவர் வாங்கிவிட்டார். யார் ஊற்றினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பங்குனிக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தாலே, "என்னை மாட்ட கட்ற மாதிரி கட்டினாங்க. அங்க வரமாட்டேன்" என்பார். அது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் அழுதேன். சேர வரமாட்டார் என்றால் நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், வாரா வாரம் அவரை வெளி நோயாளியாகவாவது அழைத்து வாருங்கள், தினமும் குடிக்கிற அளவை நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார். அளவை அவர் கையில் விடக்கூடாது, வீட்டில் ஒருவர்தான் அளந்து தர வேண்டும்.

இப்படியாக நான் என் புருஷனுக்கு ஊற்றிக் கொடுக்கிறவள் ஆனேன்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் மகளின் நகப்பூச்சால் கோடு போட்டேன். டாக்டரம்மா சொல்லும்போது பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு அதற்குக் கீழே புதுக் கோடு. வாங்கி வருவது மாமாவின் வேலை. என் கணவர் கையில் காசு கொடுத்து அனுப்ப முடியாது, நான் போய் அந்தக் கடையில் நிற்க முடியாது. மாமா கிளம்பும் முன் துண்டால் நெற்றி விபூதியை அழுத்தித் துடைப்பார். வந்ததும் முதல் வேலையாகக் குளித்துவிட்டு மறுபடி பூசிக்கொள்வார். ஒருமுறையும் அவர் இதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. "பெரியவரும் ஆரம்பிச்சிட்டாரு" என்றார்கள். "அவளே ஊத்திக் குடுக்கறாளாம்" என்றார்கள். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற என் மகள் கலைவாணியின் காதுக்கு அது பஸ்ஸிலேயே வந்துவிட்டது.

"அம்மா, நிறுத்துமா. அசிங்கமா இருக்குது. நீ சப்போர்ட் பண்றன்னுதான் எல்லாரும் பேசறாங்க."

"சப்போர்ட்தான் பண்றேன். நீயும் பண்ணு. கோடு அழிஞ்சிபோச்சி, உன் பாட்டிலக் குடு" என்றேன். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் அவள் நகத்துக்குப் பூசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

என் கணவர் கெஞ்சுவார், திட்டுவார், சில நாள் சிரிக்கவைத்தே சாதிக்கப் பார்ப்பார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சி, சாண் போனா இன்னா, மொழம் போனா இன்னா. ஊத்து" என்றார் ஒருநாள்.

"துணி நெய்யறவரு பேசற பேச்சா இது? கோடு வரிக்கும்தான்" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று கோடு வரைக்கும்தான் குடித்தார்.

மாதக்கணக்கில் ஆனது. கோடு இறங்கியது. நின்றது. ஒருமுறை ஏறியது. மறுபடி இறங்கியது. மாமா கடைக்குப் போகும் நாட்கள் குறைந்தன. தம்ளரின் அடியில் ஒரு விரல் அளவுக்கு வந்தபோது டாக்டரம்மாவே, "இனிமே ரெண்டு நாள் இங்க வந்து இருந்தீங்கன்னா முடிச்சிடலாம். கட்டமாட்டோம், நான் சொல்றேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். போனார். கட்டவில்லை. முடித்துக்கொண்டு வந்தார். தம்ளரை நான் உடைக்கவில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இனி ஒன்றும் இல்லை, பிழைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதமே அவர் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பிறகு வயிறு. தறிப் பலகைக்கும் அவருக்கும் நடுவில் இடம் போதாமல் போயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்) என்றார்கள். வயிற்றில் சேர்ந்திருந்த நீருக்கு அசைட்டிஸ் என்று பெயர்.

"அவருதான் உட்டுட்டாரே டாக்டர்" என்றேன்.

"விட்டதுனாலதான்மா இன்னிக்கு உக்காந்து பேசறாரு. ஆனா தழும்பானது தழும்பானதுதான். மிச்சம் இருக்கிறது எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியல" என்றார். சொல்ல முடியவில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றுக் கல்லீரலுக்குச் சென்னையில் பதிந்து வைத்திருக்கிறோம். வரிசை நீளம். அங்கே உள்ளவர்களும் எதையும் சொல்லாமல் சொல்கிறார்கள்.

தெருவில் எல்லோரும் இப்போது அவரை மெச்சுகிறார்கள். "ஏகாம்பரம் குடியை உட்டுட்டாரு பாரு" என்று தங்கள் வீட்டு ஆண்களுக்குக் காட்டுகிறார்கள். அவர் மஞ்சளான கண்ணோடு வாசலில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. குறைத்தது வீண் என்று சிலநாள் மனது சொல்கிறது. குறைக்காமல் இருந்திருந்தால் இந்த வருஷமே இருந்திருக்காது என்று சிலநாள் சொல்கிறது. இரண்டையும் நான் நம்புகிறேன்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் அவர் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தார். ஹெப்பாட்டிக் என்செபலோபதி (கல்லீரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறும் நிலை) என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கை சிறகு மாதிரி அடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிழமை கேட்க வேண்டும். கிழமை தவறினால் உடனே ஆஸ்பத்திரி.

நாங்கள் இப்போது சேர்ந்து நெய்வதில்லை. மாமா வீட்டுத் தறியில் நான் கரை பிடிக்கிறேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தோள் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவர் கை ஆடுவதே இல்லை. ஆடாத கையோடு நெய்ய எனக்கு இன்னும் பழகவில்லை. வீட்டில் என் கணவர் பகலில் தூங்குகிறார். சாப்பாடு, மருந்து, கழிப்பறை என்று நாள் துண்டு துண்டாகப் போகிறது. எது எந்த நாளின் துண்டு என்று எனக்குத் தெரிவதில்லை.

போன வாரம் காலையில் வழக்கம்போல் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். ஆடவில்லை.

"இன்னிக்கு இன்னா கெழம?"

"வியாழன்" என்றார்.

புதன்கிழமை. அவருக்குத் தெரியக்கூடாதென்று மெல்ல எழுந்துபோய், உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த கலைவாணியிடம், "ஆட்டோவுக்குச் சொல்லு. அப்பாவுக்குக் கெழம தப்பிப்போச்சி. வியாழன்றாரு" என்றேன். சொல்லும்போதே பையில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு வியாழன்தான்மா."

நான் நம்பாமல் போனை வாங்கிப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வருத்தத்தில் அல்ல, எனக்குப் புத்தி தவறியதில் அத்தனை சந்தோஷம். சத்தம் கேட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். மகள் விஷயத்தைச் சொன்னதும் என் எதிரில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ கைய நீட்டு, பாக்கலாம்" என்றார்.

நீட்டினேன். என் இரண்டு கையும் நிற்காமல் ஆடின. அவர் அவற்றைத் தன் கையில் வாங்கி, நிற்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.