எக்கோ இருந்த இடம்

என் மனைவியின் தம்பி கிட்டார் வாசிப்பவர். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். அவர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் செண்டும் கொண்டுவருவார்கள். அவர் மூன்று இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்.

பெடல் என்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் வயர் முதல் பெட்டிக்குள் நுழைந்து, அதிலிருந்து அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போய், கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் காலால் மிதிக்க ஒரு பொத்தான். ஒன்று எக்கோ. வாசித்த சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொன்று டிஸ்டார்ஷன். சுரத்தை உறும வைக்கும். மூன்றாவது கோரஸ். ஒரு கிட்டாரை நாலு கிட்டாராகக் காட்டும். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தாளித்துவிட்டு ரசம் வைப்பதும், ரசத்தை இறக்கிவிட்டுத் தாளித்துக் கொட்டுவதும் ஒன்றா?

முறைப்படி எக்கோ கடைசியில் வரவேண்டும். மாப்பிள்ளை அதை முதலில் வைத்திருந்தார். எதிரொலியும் சேர்ந்து உறுமி, ஒன்றோடொன்று கலங்கி, பக்கத்து ஊர்க் குழாய் ஸ்பீக்கரில் நாகசுரம் கேட்பதுபோல ஒரு சத்தம் வரும்.

"இது தப்பான வரிசை மாப்ள."

"கேக்க நல்லாருக்கா இல்லியா? அதச் சொல்லுங்க மச்சான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு."

"அப்ப நல்லாருக்குற தப்பு. விடுங்க."

விட்டிருக்கலாம்.

புதுக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் வாசித்துவந்தார். துபாயில் இருந்தவரை அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனக்குத்தானே வாசித்தவர். நாலு பேர் கேட்க வாசித்தது இந்தக் குழுவில்தான். அதில் அவருக்கு உயிர். ஆனால் குழு நடத்தும் மாஸ்டர், கீபோர்டிலேயே கிட்டார் சத்தத்தையும் எடுத்துவிடும் ஓர் இளைஞனைப் பிடித்துவைத்திருந்தார். "வல்லத்திராக்கோட்டைத் திருவிழாவுல பாப்போம்ணே. அங்க நல்லா அமைஞ்சா நீங்களே இருங்க" என்று சொல்லியிருந்தார்.

கச்சேரிக்கு முந்தின நாள், பெட்டிகள் பொருத்திய பலகையை மாப்பிள்ளை என்னிடம் கொண்டுவந்தார்.

"ஒரு வயரு மட்டும் கொரகொரங்குது. அத மட்டும் மாத்திக் குடுங்க மச்சான்."

'மட்டும்' என்பதை இரண்டு தடவை சொன்னார். என்னைத் தெரிந்தவர்.

வயரை மாற்றினேன். அதோடு கை சும்மா இருக்கவில்லை. எக்கோவைக் கழற்றிக் கடைசிக்குக் கொண்டுபோனேன். மற்ற இரண்டையும் ஓரிடம் முன்னால் தள்ளினேன். என் பேரனின் கிட்டாரைச் சொருகித் தட்டிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். குழுவின் வேனில் எனக்கு முன் சீட்டு, மச்சானுக்கு மரியாதை. அவர் பின்னால் டிரம்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டிருந்தார். இறங்கியதும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் என்னைப் பேச்சில் இழுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் சாக்கு. மேடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் அசந்து என் பக்கம் திரும்புவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். கோயிலுக்கு எதிரே போட்ட மேடை என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். மாப்பிள்ளை குனிந்தே பார்க்காமல், வெறுங்காலின் கட்டைவிரலால் இடம் பார்த்து மிதிப்பவர்.

முதலில் அம்மன் பாட்டு. மெதுவான எடுப்பு. எக்கோ வரவேண்டிய இடத்தில் வலப்பக்கம் முதல் பெட்டியை மிதித்தார். அங்கே இப்போது டிஸ்டார்ஷன் இருந்தது. மேடேற முடியாத டிப்பர் லாரி கியர் மாற்றுவதுபோல ஓர் உறுமல். பதறி அடுத்ததை மிதித்தார். அது கோரஸ். ஒரு லாரி நாலு லாரி ஆனது. மூன்றாவதையும் மிதித்தார். நாலு லாரியும் திரும்பத் திரும்ப வந்தன. பிள்ளைகள் விசிலடித்தார்கள். அருள் வந்து ஆடத் தொடங்கிய ஓர் அம்மா ஆட்டத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்து பார்த்தார். கீபோர்டு இளைஞன் சட்டென்று பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான்.

இடைவேளையில் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"என்னண்ணே இது? அம்மன் பாட்டுலயா இப்புடி?"

மாப்பிள்ளை குனிந்து பலகையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கால் தடுமாறிருச்சு மாஸ்டர். வயசாகுதுல்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனை வெளியாள் முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். என் கையில் டீ இருந்தது. அதைக் குடித்தேன். வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மனைவி விடவில்லை.

"தம்பிக்குக் கால் தடுமாறுச்சாம்ல? நேத்துக்கூட மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டுனானே. நீங்க ஏதும் கை வச்சீங்களா?"

சொன்னேன்.

"மொதல்ல போயி அந்த மாஸ்டர்ட்டச் சொல்லிட்டு வாங்க. அப்பறம் சோறு."

காலையில் போய்ச் சொன்னேன். மாஸ்டர் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஒங்க மச்சான் வந்திருக்காரு. பொட்டிய மாத்துனது தான்தாங்குறாரு. நெசமாண்ணே?"

மாப்பிள்ளையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எனக்காகப் பேச வந்திருக்காரு மாஸ்டர். அவருக்குப் பெரிய மனசு. கால்தான் தடுமாறிருச்சு."

மாஸ்டர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மச்சான்னா இப்புடில்ல இருக்கணும்!" என்றார். இடம் கீபோர்டு இளைஞனுக்கே போயிற்று.

நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

"ஏன் மாப்ள அப்புடிச் சொன்னீங்க?"

"அக்கா வீட்டுக்காரர வெளியில விட்டுக்குடுக்க முடியுமா? உள்ள வாங்க, வையிறேன்."

உள்ளே போனதும் வைதார். நன்றாகவே வைதார். "'மட்டும்'னு ரெண்டு தடவ சொன்னேன்ல?" என்று நடுநடுவே கேட்டார். பிறகு காப்பி வந்தது.

மாஸ்டர் நம்பாததை இங்கே எழுதிவைக்கிறேன். மாப்பிள்ளையின் கால் தடுமாறவில்லை.

இப்போது சாயங்காலங்களில் அவர் வீட்டுக் கூடத்தில் வாசிக்கிறார். கேட்பவர்கள் நானும் என் மனைவியும்தான். எக்கோ பழையபடி முதலில் இருக்கிறது. பலகையைத் துடைக்கக்கூட நான் கிட்டே போவதில்லை. சில நாட்களில் குழுவின் வேன் அந்தத் தெரு வழியாகக் கச்சேரிக்குப் போகும். அதன் ஹாரனை அவருக்குத் தெரியும். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேன் முக்குத் திரும்பும்வரை கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.