அரை மொட்டைத் தோட்டம்

பேசுகிறவர் பேச்சை நிறுத்தினாலும் கோபுரத்தில் கட்டிய கூம்புக் குழாய் உடனே நிறுத்திவிடாது. கொஞ்ச நேரம் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். என் தங்கையைப் பார்த்து ஊர் சிரித்த ஞாயிற்றுக்கிழமை, சிரிப்பு அடங்கிய பிறகும் அந்த இரைச்சல் எங்கள் தலைக்கு மேல் நின்றது. அது இன்னும் என் காதிலிருந்து இறங்கவில்லை. இறங்க வேண்டாம் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் திராட்சைக்குக் கவாத்து வெட்டும் நாளை ஒருவர்தான் குறிப்பார். செப்டம்பரில் மாதா பிறந்தநாள் திருவிழாக் கொடி இறங்கியதும் வரும் ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் மைக்கைப் பிடித்து நாளைச் சொல்வார். அந்த நாளில் கவாத்து ஆட்கள் கத்தரியோடு முதலில் அவர் தோட்டத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகவே தோட்டம் தோட்டமாக வெட்டிக்கொண்டு போவார்கள். பழைய கொடியை வெட்டினால்தான் புதுத் துளிர், துளிரில்தான் பூ, வெட்டி நான்கு மாதம் ஆவதற்குள் பழம். பொங்கலுக்கு முன் அறுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. மார்கழியில் பனிதான் பெய்யும், மழை பெய்யாது என்பது நம்பிக்கை. அறுத்த முதல் கொத்தை அவரே கோயிலுக்குக் கொண்டுவருவார். பூசைக்குப் பிறகு ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பதும் அவர்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து இதே வழக்கம்.

பக்கத்து ஊர்க் கடைவீதியில் அவருக்கு உரக்கடை. பூச்சி மருந்தும் அங்கேதான். விடிந்ததும் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்து விழும். பூமி சூடாகிறது என்பதெல்லாம் சம்பளம் வாங்குகிறவர்கள் சம்பளத்துக்காகக் கிளப்பும் புரளி என்பார். "எங்கப்பன் காலத்துலயுந்தான் வெயிலடிச்சுச்சு. அன்னைக்கு எவன்லே கூட்டம் போட்டான்?" பாதி ஊர் அதைக் கேட்டுக்கொண்டுதான் பல் தேய்க்கும்.

என் தங்கை வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், வானிலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்கள் பள்ளத்தாக்கில் பெய்த மழையை, பெய்யாமல் போன மழையை, வருடம் வருடமாக உட்கார்ந்து படித்தவள். அந்த ஞாயிறு பங்குச்சாமியாரிடம் அனுமதி கேட்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். சேலை மடிப்பை இரண்டு முறை சரிசெய்தாள். அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது.

"தை பிறக்கையில மழை வரும்னு நான் சொல்லல. முன்னயவிட வர்றதுக்கு வாய்ப்புக் கூடியிருக்குன்னு சொல்றேன். எல்லாரும் ஒரே நாள்ல வெட்டுனா, எல்லார் பழமும் ஒரே நாள்ல கனியும். அன்னைக்குப் பாத்து மழை அடிச்சா மொத்தமும் போயிரும். பாதிய இப்ப வெட்டுங்க, பாதியக் கொஞ்சம் தள்ளி வெட்டுங்க. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

உரக்கடைக்காரர் இன்னொரு மைக்கை எடுத்தார். "மழை வருமா, வராதா? அத மட்டும் சொல்லு ஆத்தா."

"உறுதியாச் சொல்ல முடியாதுண்ணே."

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கிறதச் சொல்லத்தான் கவர்மெண்டு ஒனக்குச் சம்பளம் குடுக்குதா?"

முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது.

"மார்கழியில குடையப் பிடிச்சுக்கிட்டுக் கோலம் போடச் சொல்லுவ போலயே! ஒங்க ஆபீசுக் கூரை ஒழுகுதோ என்னமோ. அத அண்ணாந்து பாத்துட்டு வந்து எங்கள்ட்ட மழைங்கிற."

சிரிப்பு பெண்கள் பக்கம் தாவியது. அவர் பக்கத்தில் நின்ற ஆளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்துகிறவர் போல முகத்தை மட்டும் தாழ்த்திச் சொன்னார்: "சொந்த வீட்டுல அடிச்ச புயலயே கண்டுபிடிக்கத் தெரியல. வானத்தக் கண்டுபிடிக்க வந்துட்டா."

மைக் அவர் கையில்தான் இருந்தது. அதை மூட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை. என் தங்கை கணவனை விட்டு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூம்புக் குழாய் அந்த வார்த்தையை வாய்க்கால் தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, மலையடிவாரம் வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்ட வாய்கள் முந்தானைக்குள் சிரித்தன. எந்தெந்த முந்தானை என்று எனக்குத் தெரியும். நிறம்கூட மறக்கவில்லை.

மத்தியானமே தங்கை கிளம்பிவிட்டாள். தேனி பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி ஏறும்போது சொன்னாள். "யக்கா, வீட்டு விசயத்தப் பேசுனது பெருசாத் தெரியல. உறுதியாத் தெரியாதுன்னு உண்மையச் சொன்னேன் பாரு, அதுக்குச் சிரிச்சாகல்ல, அதுதான். இனிமே நான் அங்கன வரல." வண்டி நகர்ந்தது. அவள் கை அசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை. என் கை அப்போதே வேறு எதற்கோ இறுகியிருந்தது.

வன்மமும் ஒரு கொடிதான். வெட்ட வெட்டக் கணுவுக்குக் கணு துளிர்க்கும். கல்தூணும் கம்பியும் கொடுத்தால் பந்தலாகவே படரும். நான் கொடுத்தேன்.

கவாத்து ஆட்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது பாதியோடு நிறுத்தச் சொன்னேன். அவர்களின் தலைவர் கத்தரியை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இடையில விட்டுட்டுப் போனா திரும்பி வரமாட்டோம்க்கா. எங்களுக்கு வரிசை இருக்கு."

"வரவேணாம். நாங்களே வெட்டிக்கிறோம்."

தங்கை மேல் என் வீட்டுக்காரருக்குப் பிரியம், ஊர் மேல் பயம். இரண்டுக்கும் நடுவில் நின்று பீடி பற்றவைத்தார்.

வெட்டிய பாதியில் பந்தல் கம்பி எலும்பாகத் தெரிந்தது. வெயில் தரை வரை விழுந்தது. வெட்டாத பாதியில் இலை அடர்ந்து இருட்டாகக் கிடந்தது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன மாப்ள, தோட்டத்துக்கு அரை மொட்டை போட்டிருக்கீக? வேளாங்கண்ணிக்குப் பாதி, பழனிக்குப் பாதியா?"

மறுநாள் காலைக் குரல்பதிவில் உரக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "நம்ம ஊருக்கு வர்றவக அரை மொட்டைத் தோட்டம்னு கேட்டு எறங்குங்க. கண்டக்டர்ட்ட அரை டிக்கெட் போதும்னு சொல்லுங்க." நான் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டேன். தீபாவளி முடிந்து மீதிப் பாதியை நாங்கள் இருவரும் வெட்டினோம். உள்ளங்கையில் கொப்புளம் வெடித்தது. கவாத்து ஆட்களின் வெட்டு கணுவுக்கு மேல் சாய்வாக, ஒரே இழுப்பில் விழும். எங்கள் வெட்டு கடித்துத் துப்பியது போல இருந்தது. இருந்தாலும் துளிர்த்தது.

கிறிஸ்துமஸுக்குத் தங்கை வரவில்லை. குடிலில் நட்சத்திரம் கட்டும்போது நான் வானத்தைத்தான் பார்த்தேன். ஊர்ப் பந்தல் முழுக்கப் பழம் கறுத்துக்கொண்டிருந்தது. வியாபாரிகள் வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை ஏறட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மட்டும் மேகத்துக்குக் காத்திருந்தேன். மலை முகட்டில் பஞ்சு போல ஒன்று தெரிந்தால் நெஞ்சு குதிக்கும். அது கரைந்துபோனால் வாய் கசக்கும்.

"மழைக்கா வேண்டுற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "நம்ம முதப் பாதியும் கனிஞ்சுதான்டி தொங்குது."

"தொங்கட்டும்" என்றேன்.

மழை பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தது. தூறலாகத் தொடங்கி, வெட்கம் விட்டு, வாய்க்கால் நிறையப் பெய்தது. விட்டுவிட்டு மறுநாளும் பெய்தது. திராட்சை வெடிக்கும்போது சத்தம் கேட்காது. தண்ணீரைக் குடித்த பழம் தோல் தாங்காமல் பக்கவாட்டில் ஒரு கோடு விடும். கோட்டில் ஈ உட்காரும். இரண்டு நாளில் பள்ளத்தாக்கே புளித்த கள் போல நாறியது. எங்கள் முதல் பாதியும் போயிற்று. பந்தலுக்கடியில் நின்று வெடித்த பழம் ஒன்றை வாயில் போட்டேன். இனிப்பு பாதி, தண்ணீர் பாதி. அழுகை வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேராக உரக்கடைக்காரர் தோட்டத்துக்குப் போனேன்.

கொத்துகளுக்கு நடுவில் துண்டைத் தலையில் போட்டு நின்றிருந்தார். தோள் முழுக்கச் சாறு சொட்டியிருந்தது.

"என்ன தாயி, இங்கன?"

"கோலம் போட வந்தேண்ணே. குடை கொண்டாந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். நாள் முழுக்கச் சாப்பிடாதவளுக்குக் கஞ்சி இறங்கினது போல எனக்கு அந்தப் பார்வை இறங்கியது.

ஆனால் அடுத்த காலை குரல்பதிவு வந்தது. மலையாளத்துப் பக்கம் மேகத்தில் ஏதோ மருந்து தூவிவிட்டார்களாம், அந்த மழைதான் இங்கே வந்து கொட்டிவிட்டதாம். கூடவே, மழைக்குப் பிறகு வரும் பூஞ்சைக்கு மருந்து தன் கடையில் இருக்கிறதாம். பழம் தொலைத்தவர்கள் அவர் கடையிலேயே வரிசையில் நின்றார்கள்.

நான் தங்கைக்குப் போன் போட்டேன். "கிளம்பி வா. மைக்கப் பிடி. காலநிலை மாறுனதாலதான் இந்த மழைன்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

"ஒத்த மழைய வச்சு அப்படிச் சொல்ல முடியாதுக்கா. பல வருசத்துக் கணக்கச் சேத்து வச்சாத்தான் சொல்லலாம்."

"அவன் ஒரு கணக்கும் இல்லாம எல்லாத்தையும் சொல்றானே!"

"அதுக்காக நானும் அப்படிச் சொல்லணுமா?"

எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. கத்தியைக் கையில் கொடுத்தால், இது வெட்டுமா என்று முனையைத் தடவிப் பார்க்கிறவள். அவள் கேட்டாள்: "ரெண்டாவது பாதி எப்படி இருக்கு? பிஞ்சுல சாம்பல் பூத்திருக்கா? இலையத் திருப்பிப் பாரு." நான் அந்த மனிதனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொடியை விசாரித்தாள்.

அவள் சொன்னபடி மருந்தடித்தோம். அவர் கடையைத் தாண்டித் தேனிக்குப் போய் வாங்கிவந்தோம். பிஞ்சுகள் பச்சையாக, கெட்டியாக, யாருக்கும் பணியாமல் நின்றன.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, ஊரிலேயே முதல் கொத்தைப் பீடத்துக்குக் கொண்டுபோனவள் நான்தான். ஏலம் விடுகிற உபதேசியார் கேட்டார்: "வீட்டுக்காரர் பேரச் சொல்லி ஏலம் போடவா?"

"ஊரு வச்ச பேரச் சொல்லுங்க."

அவருக்குப் புரிந்தது. மைக்கில் குரலை உயர்த்தினார். "அரை மொட்டைத் தோட்டத்து முதல் கொத்தூ!"

அதே சனம், அதே சிரிப்பு. இந்த முறை அது வேறு திசையில் அடித்தது. பரம்பரை வழக்கத்தை விடமுடியாமல் உரக்கடைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் கூட்டிக் கேட்டார். அவர் மேலும் கேட்டார். இவர் மேலும் கூட்டினார். எங்களுக்கு வாங்கும் எண்ணமே கிடையாது. பீடி மனிதனுக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்தக் குறும்பு வந்ததோ. கடைசியில் அவர்தான் எடுத்தார். பூனையைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவது போல என் கொத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

இத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

மாதா பிறந்தநாள் மறுபடி வந்தது. கொடி இறங்கியது. ஞாயிறு பூசை முடிந்து அவர் மைக்கை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த வருசம் ஒரு மாத்தம். எல்லாரும் தோட்டத்துல பாதிய இப்ப வெட்டுங்க, மீதிப் பாதியத் தீபாவளி கழிச்சு வெட்டுங்க. ஆளுகள்ட்ட நான் பேசிட்டேன், ரெண்டு தடவை வருவாக. காலம் முன்ன மாதிரி இல்ல. நம்ம அனுபவத்துல சொல்றேன்."

ஊர் தலையாட்டியது. நல்ல யோசனை என்றார்கள். போன வருடம் முந்தானைக்குள் சிரித்த ஒருத்தி, "அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கு உள்ளே ஏதோ வெடித்தது, சத்தமில்லாமல், பக்கவாட்டில்.

பெண்கள் பக்கத்திலிருந்து விலகி முன்னால் நடந்தேன். வழி விட்டார்கள்.

"அண்ணே, பாதி பாதியா வெட்டணும்னு இதே எடத்துல நின்னு மொதல்ல யாரு சொன்னது? அதச் சொல்லிட்டுப் போங்க."

அவர் உள்ளங்கையால் மைக்கை மூடினார். இப்போது அந்தக் கைக்கு மூடத் தெரிந்திருந்தது. "ஒந் தங்கச்சிதான் தாயி, யாரு இல்லேன்னா? போய் நில்லு."

"கைய எடுங்கண்ணே. புயலப் பத்திப் பேசுனப்ப மூடல. இதுக்கும் மூட வேணாம்."

சாமியார் கீழே பார்த்தார். யாரோ இருமினார்கள். அவர் கையை எடுத்தார்.

"போன வருசம் இதச் சொன்னது இவுக தங்கச்சி."

குழாய் அதை வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோனது. கேட்டேன்: "அதுக்கு நீங்க என்னண்ணே சொன்னீக?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கோபுரத்தின் மேல் அந்த மூச்சு மட்டும் இரைந்தது. நான் அதை நன்றாக இரையவிட்டேன். ஊர் முழுக்க நின்று கேட்டது. பிறகுதான் நகர்ந்தேன்.

அன்று சாயங்காலம் தங்கையிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் என்னைப் பாராட்டவில்லை. "ஆளுக ரெண்டு தடவை வர ஒத்துக்கிட்டாகளா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஒத்துக்கொண்டார்கள் என்றதும் பெருமூச்சு விட்டாள்.

"போதும்க்கா, விட்ரு. வர்ற தையில மழையே பெய்யாமப் போகலாம். அப்ப அவரு மறுபடி சிரிப்பாரு. அதுக்கும் நீ தயாரா இருக்கணும்."

"கிறிஸ்துமஸுக்கு வர்றியா?"

"வர்றேன்" என்றாள்.

அவள் விட்டுவிட்டாள். வானத்தைப் படித்தவளுக்கு அது முடிகிறது. நான் கேட்ட கடைசிக் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் அவர் கடை வாசல் வழியாகத்தான் போகிறேன். ஒரு பொட்டு மேகமில்லாத வெயிலிலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.