பள்ளிச் சமையல்காரி விரித்த வெள்ளை விரிப்பு

நோல்ஃபா சிஸ்தெர்னாஸ் அந்தக் கடற்கரைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சமையல்காரி. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் கிடங்கு. காலையில் பானையைத் தொடுமுன் ஈரத்துணியால் மேடையைத் துடைப்பாள். பிள்ளைகள் சாப்பிட உட்காருமுன் இன்னொரு முறை. இரண்டு முறையும் துணி கறுத்துத்தான் வரும்.

காற்றை அளக்கும் கருவியோ ஊருக்குப் பின்னால், குன்றின் மேல் இருந்தது. அங்கே காற்று சுத்தம். அதை வைத்துத்தான் ஊர்க் காற்று சுத்தம் என்று வருடா வருடம் அறிக்கை வந்தது. அந்தக் கருவி பள்ளிக் கூரைக்கு வர வேண்டும் என்பது ஒன்றுதான் நோல்ஃபா கேட்டது. அவள் போட்ட ஐந்து மனுக்களுக்கும் பதில் இல்லை. பொதுக் கலந்துரையாடல் ஒன்று வைத்து, அறிக்கை எழுதும் சுற்றுச்சூழல் அதிகாரியை ஊருக்கே வரவழைப்பது என்று முடிவுசெய்தாள்.

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் அதைத் திட்டமிட்ட விதத்தை ஊர் இன்றும் வியந்து பேசுகிறது. பேச ஒப்புக்கொண்டவர்களை ஒவ்வொருவராகத் தன் சமையலறைக்கு அழைத்தாள். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, “இது வேகறதுக்குள்ள சொல்லி முடிக்கணும். ஆரம்பிங்க” என்பாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மீனவர்கள்கூட அந்த அடுப்பின் முன் பேசக் கற்றார்கள். ஊரார் முதலில், அதிகாரி கடைசியில் என்று வரிசையும் வகுத்தாள். “அவர் முதல்ல பேசினா நாம தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவோம்.”

கலந்துரையாடல் நாளன்று காலை மீனவர் சங்கக் கூடத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் பளபளத்தது. அவள் மகளுக்கு ஞானத்தாய், அந்த உறவால் அவள் ‘கொமாத்ரே’ என்று அழைக்கும் எடெல்மிரா, வாளியும் துணியுமாகக் கடைசி ஜன்னலில் இருந்தாள்.

“பதினஞ்சு நாளா ஜன்னலைத் தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கொமாத்ரே. அந்தத் தூசிதானே நம்ம சாட்சி.”

“தலைநகரத்துலேருந்து ஆள் வராங்க. அழுக்குல உட்காரச் சொல்றதா? அப்புறம் என்னைத்தான் சோம்பேறின்னு பேசுவாங்க. நீ மட்டும் என்னவாம்? கையில என்ன அது?”

நோல்ஃபாவின் கையில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை விரிப்பு. விருந்தாளிக்கு வெறும் மேசையில் தேநீர் வைக்க அவளுக்கும் மனம் வரவில்லை. அதை மேசையில் விரித்தாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள். புழுக்கம் தாங்காமல் எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். கிடங்குப் பக்கமிருந்து, எல்லாப் பிற்பகல்களையும் போலத் தென்காற்று எழுந்தது. அதிகாரி ரெபொயேதோ தன் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். பதினோரு பேர் பேசினார்கள். ஒருவரும் உருளைக்கிழங்கு வேகும் நேரத்தைத் தாண்டவில்லை.

ஆறு மணிக்கு அவர் முறை. எழுந்து அறிக்கையைக் கையில் எடுத்தார். குனிந்து மேசையைப் பார்த்தார்.

அறிக்கை கிடந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்திருந்தது. சுற்றிலும் விரிப்பு சாம்பல் நிறம். கோப்பையை நகர்த்தினார், அடியில் வெள்ளை வட்டம். பக்கத்துக் கோப்பையையும் நகர்த்திப் பார்த்தார். கூடம் முழுவதும் எழுந்து நின்றது.

நோல்ஃபாவும் மேசையருகே வந்து பார்த்தாள். இத்தனை வருடம் விழுந்த தூசியை விழுந்ததும் துடைத்துவிட்டவள் அவள். ஒரு பிற்பகல் முழுக்க விழுவதை விழ விட்டு அவளும் இதுவரை பார்த்ததில்லை.

“காலையில இது வெள்ளையா இருந்துச்சாம்மா?”

“நானே தேய்ச்சுக் கொண்டுவந்தேன் ஐயா.”

எடெல்மிரா பழக்கதோஷத்தில் துணியோடு மேசையை நெருங்கினாள். நோல்ஃபா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னைக்கு ஒருநாள் சும்மா இரு, கொமாத்ரே.”

ரெபொயேதோ அறிக்கையைத் திருப்பினார். அதன் பின்பக்கத்திலேயே, கருவியைப் பள்ளிக் கூரைக்கு மாற்றும்படி எழுதிக் கையெழுத்திட்டார். அதை மேசையில் வைக்கத் தாழ்ந்த கை, கரித்தூசிக்கு மேலே பாதியில் நின்றது. அந்தத் தாளை நோல்ஃபாவின் கையில் கொடுத்தார்.