கொதித்த ரேடியேட்டரும் அடைத்த நாவும்

அடியார் பெருமக்களே, முருகப்பெருமானின் சந்நிதியில் நான் ஒருநாள் கேட்ட வரம், நண்பனின் தோல்வி. அதை மறைத்துவிட்டு அப்பெருமானின் அருளைப் பேச எனக்குத் தகுதியில்லை.

'மெர்டேக்கா' என்ற முழக்கத்தோடு நாடு விடுதலை பெற்ற ஆண்டு. மூவார் நகரில் பேச்சுப் போட்டி. எங்கள் ஊரான காஜா பெராங்கின் மன்றத்தின் சார்பில் ஒருவரே பேசலாம். ஆறு மாதம் கண்ணாடி முன் பயின்றவன் நான், தேர்வானவன் சிவலிங்கம். அவனால் இயலாதபோது மட்டுமே எனக்கு மேடை. குரலும் அவனுக்கே வாய்த்தது. நாங்கள் போகவிருந்த காரும் அவன் மாமாவுடையது. சோறு இறங்கவில்லை. உறக்கமில்லை. காலைப் பூசையில், "இன்று அவன் மேடையேறக் கூடாது" என்று வேண்டினேன்.

புறப்படுமுன் மன்றத்தின் பதாகையைக் காரின் முகப்பில் இறுக்கிக் கட்டினேன். எழுத்து என் கைவண்ணம். அதையாவது மூவார் காணட்டும் என்ற செருக்கு. காற்று புகும் வழி முழுதும் அடைபட்டதை நான் எண்ணவில்லை.

உஜோங் பாசிர் தாண்டியதும் மன்றச் செயலாளர் மாணிக்கம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? மெர்டேக்கா ஒனக்கு மட்டும் வரலியா?"

காரோட்டிய சிவலிங்கம் உரக்கச் சிரித்தான். சிறிது தொலைவு சென்றதும் காரின் முகப்பிலிருந்து ஆவி சீறியது.

"தண்ணி வத்திருச்சுண்ணே. ஊத்திட்டு ஓடிரலாம்" என்று இறங்கி, எஞ்சின் மேல்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் திருகுமூடியை நோக்கிக் கை நீட்டினான்.

என் தமையன் லாரி ஓட்டுநர். கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்து அவர் பெற்ற தழும்பை நான் அறிவேன். ஆயினும் பேசவில்லை. இவன் முகம் வெந்தால் மேடை எனக்கு! அந்த எண்ணம் என் நாவைக் கட்டியது. என்னைக் கண்டு நானே நடுங்கினேன். 'முருகா, காலையில் கேட்டது வேண்டாம். என் வாயைத் திற!'

"கைய எடுடா! தொறந்தா மூஞ்சி வெந்துரும்!"

என் வாயிலிருந்து வந்த அந்தக் குரல் என்னுடையதன்று என்றே இன்றும் நம்புகிறேன்.

பதாகையை அவிழ்த்தேன். எஞ்சினை நிறுத்தி, சூடு தணியும்வரை காத்திருந்தோம். பின் தடித்த துணியால் திருகுமூடியைச் சிறிதே தளர்த்தி, ஆவியை வெளியேற்றி, நீரை மெல்ல மெல்ல ஊற்றினேன்.

"இவ்ளோ தெரிஞ்சவன் மொதல்லயே சொல்லியிருக்கலாம்லடா?" என்றான் சிவலிங்கம்.

"பொறாமைடா. பதாகைய கட்டி காத்த அடைச்சதும் நான்தான்."

அவன் பதாகையைச் சுருட்டிப் பின்னிருக்கையில் வைத்தான். பிறகு, "ஏறு, முன்னால ஒக்காரு. சூடு காட்டுற முள்ளு ஏறுனா சொல்லு" என்றான்.

மூவாரில் அவன் வென்றான். கைதட்டலில் என் நெஞ்சு எரிந்தது, பொய் சொல்லேன். ஆனால் விளக்கொளியில் அவன் முகம் பழுதின்றி மின்னியது. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

அன்றுமுதல் பூசையில் என் பெயருக்கு முன் அவன் பெயரைச் சொல்கிறேன். சில நாள்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான். அன்பர்களே, உள்ளம் தூய்மையாகட்டும் என்று காத்திராதீர்கள். கொதிப்போடே வேலவனை அழையுங்கள். எனக்கு இரங்கியவன் உங்களைக் கைவிடான்.