எங்களுக்கு நிதி பார்த்துக் கொடுத்த எஸ்தர் அக்கா

செய்தி வந்தபோது நான் ஒரு மூன்று சக்கர வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தேன். கை முழுக்க கிரீஸ். போனை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். "எஸ்தர் அக்கா இறந்துட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார் அவருடைய தம்பி. எந்த ஆஸ்பத்திரி, முன்னாலேயே வலி இருந்ததா, மாத்திரை சாப்பிட்டாரா என்று நான் வரிசையாகக் கேட்டேன். வண்டி நின்றுபோனால் காரணம் தேடுகிற புத்தி எனக்கு. அவர் தம்பி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனிகளும் பெரிய அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களுக்குத் தருகிற நிதியை எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று வழிகாட்டுவது அவருடைய தொழில். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதே முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் நல்ல காரியம் செய்கிறோம், அவர்களிடம் காசு இருக்கிறது, நடுவில் இவர் எதற்கு?

எங்கள் ட்ரஸ்ட் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் ஒரு ஒர்க் ஷாப் நடத்துகிறது. நடக்க முடியாதவர்களின் சக்கர நாற்காலி, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஆகியவற்றை இலவசமாகப் பழுது பார்க்கிறோம். நான் மெக்கானிக்கல் படித்தவன். ட்ரஸ்டை ஆரம்பித்தவர் வேலாயுதம் அண்ணாச்சி, ஹார்டுவேர் கடைக்காரர். வெளிநாட்டிலிருந்து உதவிக்கொண்டிருந்த அவருடைய சொந்தக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு நிதி கிடைக்காவிட்டால் பூட்ட வேண்டியதுதான் என்ற நிலையில்தான் அக்காவைக் கூப்பிட்டோம்.

அண்ணாச்சி எடுத்த எடுப்பில் பேரம் பேசினார். "வாற காசுல பத்து பர்சன்ட் எடுத்துக்கிடுங்க."

"கல்யாணத் தரகருக்குக் குடுக்குத மாதிரியா?" என்று அக்கா சிரித்தார். "அப்ப நான் பெரிய வீடாத்தான் பாப்பேன் அண்ணாச்சி. உங்களுக்குப் பொருந்துமான்னு பாக்க மாட்டேன். வேலை செஞ்ச நாளுக்குக் கூலி குடுங்க. காசு வந்தாலும் வராட்டியும்."

"வராட்டியுமா?" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அக்கா வேலை செய்த விதத்தை ஓரமாக நின்று கவனித்துக்கொண்டே இருந்தேன். இது எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நிதி தருகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அவர் அதிகம் வாசிக்கவில்லை. முந்தைய வருஷங்களில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தார். அதைவிட விசித்திரம், கேட்டும் கிடைக்காமல் போன நிறுவனங்களைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினார். "கிடைச்சவங்க பெருமை பேசுவாங்க என்ஜினியரே. கிடைக்காதவங்ககிட்டதான் விஷயம் இருக்கு" என்றார். அண்ணாச்சி ஆசையாகக் கொண்டுவந்த பெயர்களில் பாதியை இரண்டே நாளில் அடித்துவிட்டார். கடைசியில் சென்னையில் ஒரு நிறுவனம் தேறியது. அதன் அதிகாரி நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார்.

தேதியை முடிவு செய்தது அண்ணாச்சி. ஜூலை, நல்ல சாரல். ஆபீசரை ஐந்தருவியில் குளிக்க வைத்து, செங்கோட்டைப் பக்கம் பரோட்டா வாங்கிக் கொடுத்து, மனசு குளிர்ந்திருக்கும்போது பேசலாம் என்பது அவர் திட்டம். நம் ஊரில் விருந்தாளி என்றால் சீசனுக்குத்தான் அழைப்போம். அந்தச் சீசனில் எங்களிடம் வண்டி பழுது பார்க்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் குற்றாலத்தில் துண்டும் பழமும் விற்கப் போய்விடுவார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆபீசர் வந்து இறங்கிய அன்று ஒர்க் ஷாப்பில் நாங்களும் கழற்றிப் போட்ட இரண்டு வண்டிகளும் மட்டும்தான்.

"பயனாளிகள் எங்க?" என்றார் ஆபீசர்.

அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்து, "ஏலே, வேனை எடுத்துட்டுப் போயி நாலு பேர அள்ளிப் போட்டுட்டு வா" என்று காதைக் கடித்தார். அது அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"அவங்க யாவாரத்தக் கெடுத்து இங்கன கொண்டாந்து உக்கார வைக்கணுமா?" என்றவர், ஆபீசர் பக்கம் திரும்பினார். "சார், எல்லாரும் குற்றாலத்துல கடை போட்டிருக்காங்க. போயிப் பாப்போமா?"

போனோம். மெயினருவிக்குப் போகிற வழியில் பேச்சியம்மாள் அக்கா, வண்டியிலேயே உட்கார்ந்து முன்னால் பலகை போட்டு மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் குடையும் கையுமாகச் சுற்றி நின்றதும் அவருக்கு எரிச்சல்.

"பழம் வாங்குதியளா, வழிய மறைக்குதியளா?"

ஆபீசர் அரைக் கிலோ வாங்கினார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"தள்ள ஆளிருந்தா நல்ல வண்டிதான்" என்ற பேச்சியம்மாள் அக்காவின் கண் என் மேல் விழுந்தது. "இந்தா நிக்கான்லா, பேட்டரி வச்சுத் தாறேன் தாறேன்னு ஆறு மாசமாச் சொல்லுதான். மழைத் தண்ணி போயி சக்கரம் இறுகிட்டு. கடைய மூடிட்டு மேலகரம் வர முடியுமா?"

"சீசன்ல உங்க ஒர்க் ஷாப்ப ஏன் இங்கயே போடக்கூடாது?" என்று ஆபீசர் அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி கனைத்தார். ஏதோ அனுமதி, இடப் பிரச்சினை என்று ஆரம்பித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி ஆபீசர் பக்கம் திரும்பினார். "யோசிக்கல சார்" என்றார்.

ஆபீசர் போன பிறகு அண்ணாச்சி வெடித்தார். "கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு நீங்க! எங்க மானத்த நடுரோட்டுல வாங்கிட்டியளே! இனி கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." உள்ளுக்குள் எனக்கும் அதே கோபம். ஒர்க் ஷாப்பைப் பூட்டினால் பேச்சியம்மாள் அக்கா மாதிரி ஆட்கள் வண்டியைத் திருநெல்வேலிக்கா தூக்கிக்கொண்டு போவார்கள்?

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, அவரு போற இடத்துல எல்லாம் மாலை, சால்வை, கைதட்டு. இன்னைக்குத்தான் ஒரு ஆளு வழிய மறைக்காதியன்னு சொல்லிருக்கு. நம்மள மறக்க மாட்டாரு."

திட்டத்தை மறுபடி எழுதினோம். சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு பழுது நீக்கும் கூடாரம், மழை தாங்கும் சக்கரம், சோதனைக்குக் கொஞ்சம் பேட்டரி வண்டிகள். கடைசியில், எங்களுக்கு இன்னும் தெரியாதவை என்று ஒரு பகுதி. அதைப் பார்த்து நான் கத்தினேன். "தெரியாதுன்னு எழுதினா எவன் குடுப்பான்?"

"எல்லாம் தெரியும்னு எழுதினவங்களுக்குக் குடுத்துதான் ஏமாந்திருக்காங்க" என்றார்.

நிதி வந்தது. கேட்டதைவிடக் குறைவு. ஒர்க் ஷாப் பூட்டப்படவில்லை. பிறகு ஒரு நாள், குற்றாலம் கூட்டிப்போனால் ஆபீசருக்குப் பிடிக்கும் என்று முன்னாலேயே தெரியுமா என்று அக்காவிடம் கேட்டேன். ரகசியம் ஏதாவது இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.

"எனக்கு எங்க தெரியும்? வேன்ல ஆளு அள்ளிட்டு வந்திருந்தா, வாற ஒவ்வொரு தடவையும் அள்ளணும். அந்த வேன் வாடகைய எந்தத் தலைப்புல கேக்க?"

அக்காவின் அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பெரிய தொகை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினால் ஒர்க் ஷாப்பின் வாடகையையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி சந்தோஷமாகப் படித்துவிட்டு, பழக்கத்தில் அக்காவின் எண்ணைத் தேடினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். "நீயே சொல்லுலே."

அக்கா இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரிடம் அவர் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். "இது கிடைச்சிட்டா, மறுநாள் காலையில நீங்க யாரு?"

அண்ணாச்சியிடம் அப்படியே கேட்டேன். வண்டி பழுது பார்க்கிறவர்களா, கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர்களா? வெளியே ஒருவர் காற்றுப் போன சக்கர நாற்காலியோடு காத்திருந்தார். அண்ணாச்சி எழுந்து போய் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்து, வேண்டாம் என்று பதில் எழுதினேன்.

எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. அவர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்கு இன்னும் அப்படிக் கேட்க வரவில்லை.