சின்னம்மாவின் பேஸுக்குக் கறண்ட் பூட்டிய கதை

ஒரு வாத்தியத்துக்குக் கறண்ட் பூட்டி, அதிலிருந்து பூரண அமைதியை வரவழைத்த ஆள் கற்பிட்டிக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. விஞ்ஞானத்தில் அறுபத்தெட்டுப் புள்ளி எடுத்திருந்தேன். அந்தத் தகுதி போதும் என்று நினைத்தேன்.

வாத்தியம் சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை, பகலில் கிழிந்த வலை தைப்பவர், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் கடைசி வரிசை. நின்றுகொண்டு வாசிக்கிற, அடித்தொண்டையில் பேசுகிற நரம்பு வாத்தியமான பெரிய பேஸ் ஒன்றை போனில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு சிந்தனை இல்லை. உடைந்த வள்ளத்தின் பாய்மரத்தைக் கழுத்தாகவும், கதவு போன அலுமாரிப் பலகையை உடம்பாகவும் வைத்து, ஆளுயரத்தில் தானே ஒன்றைச் செய்துவிட்டார். நரம்புக்கு, பெரிய மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற தடித்த நைலோன் தங்கூசி. அதில் யோசிக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கடற்கரை வீட்டில் கம்பி என்றால் துரு. நம்பக்கூடிய சாமான் நைலோன்தான்.

உள்ளே பெட்டி இல்லாத பலகை என்பதால், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே சத்தம் கேட்டது. ஒத்திகையில் பாட்டுக்குழு மாஸ்டர் காதைச் சாய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்களுக்கு மட்டும் வாசிக்குது. சனத்துக்குக் கேக்காது."

"கேக்கப் பண்ணினா?"

"பண்ணினாலும், பொம்பிளை ஒராள் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பீடத்துக்கு முன்னால நிக்கிறது அழகில்லை. கீபோட்டில வாற பேஸே காணும், அது போதும்."

"அழகை நான் பாக்கிறன். நீங்க சத்தத்தைப் பாருங்கோ."

குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாஸ்டருக்கு மறுக்க வழியில்லை. திருநாளுக்கு முதல்நாள் மாலை வேஸ்பர் வழிபாட்டுக்குள் சத்தம் வந்தால் வாசிக்கலாம் என்றார். வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வரவைக்கப் போவது நான் என்று தெரிந்திருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார்.

சிலாபத்து மச்சானின் உடைந்த கிற்றாரிலிருந்து பிக்கப்பைக் கழற்றி வந்தேன். அதற்குள் இருக்கும் காந்தம்தான் நரம்பின் அசைவைப் பிடிப்பது என்று அவன் சொல்லித் தந்தான். பலகையில் குழி தோண்டி, திருகாணி இறுக்கி, வயர் பூட்டி, அடுத்த ஒத்திகையில் ஸ்பீக்கரோடு இணைத்தேன். சின்னம்மா இழுத்து மீட்டினார். ஒன்றும் இல்லை. இன்னும் இழுத்தார். கோயில் புறாதான் முனகியது.

"இது தவக்காலப் பேஸ் போல," என்றார் மாஸ்டர். "ஒறுத்தல் செய்யுது, வாயைக் கட்டியிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் பூட்டியது என்று யாரும் கேட்காமல் இருக்க அதுதான் வழி.

மறுநாள் பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டியில் ரேடியோ திருத்துகிற நானாவிடம் ஓடினேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் அண்ணர், ஊருக்கே நானா. என்ன நரம்பு என்று கேட்டார். தங்கூசி என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புள்ள, காந்தம் இரும்போடதான் கதைக்கும். தங்கூசியக் காட்டினா அது மீனத்தான் தேடும். கம்பி நரம்பு போடச் சொல்லு."

வந்து சொன்னேன். சின்னம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நரம்பை நான் மாத்தமாட்டன். நீ மிசினை மாத்து."

இரண்டாம் முறை நானா செத்துப்போன மணிக்கூடு ஒன்றிலிருந்து பித்தளைத் தகடு ஒன்றைக் கழற்றித் தந்தார். எந்த நரம்பானாலும் சரி, மரம் நடுங்குவதை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் குரல் ஈனக்குரல் என்பதால், அதைத் தூக்கிவிட விரல் அளவில் ஒரு பிரீ-அம்ப்பும் வேண்டும். தகட்டை, நரம்புகளைத் தாங்கும் கட்டைக்கு அடியில் செருகினேன். பிரீ-அம்ப்பையும் பற்றரியையும் டின்மீன் டப்பாவுக்குள் வைத்துப் பின்பக்கம் பூட்டினேன். மீன்பிடிக்கிற வீட்டில் டின்மீன் வாங்கியதற்காக அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை. வீட்டு ரேடியோவில் இணைத்து மீட்டியபோது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சின்னம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு நரம்பையே பத்துத் தரம் மீட்டினார்.

வேஸ்பர் அன்று முதல் பாட்டு அழகாகப் போனது. இரண்டாவது பாட்டில் பொழுது இருட்ட, கோயிலைச் சுற்றிக் கட்டிய சோடனை பல்புகளை ஏற்றினார்கள். உடனே ஸ்பீக்கரிலிருந்து வள்ளத்து எஞ்சின் ஸ்டார்ட்டில் நிற்பதுபோல ஓர் இரைச்சல். பக்கத்துக் கறண்டின் இரைச்சல் உள்ளே வராமலிருக்க, டப்பாவோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லி நானா தந்த எர்த் வயரை, நான் வெறும் டேப்பால் ஒட்டியிருந்தேன்.

மாஸ்டர் நேரே என்னிடம் வந்தார். "வயரைக் கழட்டு."

சின்னம்மா வாசிப்பதை நிறுத்தாமலே, "தொடாத," என்றார்.

நான் தொடவில்லை. மாஸ்டர் தானே குனிந்து கையை நீட்டினார். இந்த வயர் போனால் சின்னம்மா இனி எந்தத் திருநாளிலும் அந்த இடத்தில் நிற்கமாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

"தொட்டா ஷொக் அடிக்கும் மாஸ்டர்," என்றேன்.

ஒன்பது வோல்ட் பற்றரி. ஓர் எறும்பைக்கூட அது திடுக்கிட வைக்காது. மாஸ்டரோ திருக்கைவாலைக் கண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "போன கிழமை எனக்கு ரெண்டு தரம் அடிச்சது," என்று பாவத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன்.

அப்போதுதான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். சின்னம்மாவோடு வலை தைப்பவர். வழக்கமாக உதட்டை மட்டும் அசைப்பவர், தொண்டையைத் திறந்து பாடினார். பக்கத்து வாங்கும் எழுந்தது. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். மாஸ்டர் கையை வீசி வீசித் தாளம் காட்டினார். யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பேஸ் போன வேகத்தில் பாட்டுப் போனது.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. என்னுடைய ஒரு டேப்புத் துண்டால் வந்த இரைச்சலை மறைக்க இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்றே. வழிபாடு முடிந்ததும் வாசலில் நின்று, வெளியே வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"இரைச்சலுக்குக் குறை நினைக்காதீங்கோ."

முதலில் எழுந்த அந்தப் பெண் என் கன்னத்தைப் பிடித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன இரைச்சல் பிள்ளை?"

பாவம், மரியாதையான மனுசி, காதில் விழுந்த இரைச்சலை விழவில்லை என்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.