ரிப்கா கண்ட சிறு முகடு

ரிப்காவின் கண்டுபிடிப்பை என் பெயரில் எழுதிக்கொண்டேன். கைதவறி அல்ல... தெரிந்தே செய்தேன்!

நான் தொழிலில் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கல்முனைக்கு அருகே சிறியதொரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்கு நானே பொறுப்பாளன். மருந்தைக் கரைத்து, மெல்லிய குழாயினூடே திரவத்தோடு செலுத்தினால், அதிலுள்ள பொருள்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடாக எழும். திரவ நிறப்பகுப்பு என்பார்கள். ஒரு பகுப்பு முறை மறைப்பதை இன்னொரு முறை காட்டிவிடலாம். ஆகவே, ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு முறைகளை உருவாக்குவோம்.

பிரஷர் மாத்திரையொன்றுக்கு முதல் முறையை நான் அமைத்தேன். ஒரே முகடு, அப்பழுக்கில்லை! இரண்டாவதை, என் கீழ் வேலை செய்த மருதமுனைப் பெண் ரிப்கா அமைத்தார். பெரிய முகட்டின் தோளில் சிறிதாக இன்னொன்று...

"சேர், இதுக்குள்ள வேற ஒரு சாமான் இரிக்கி. மூணு தரம் பாத்திட்டன்."

"உங்கட கைதான் பிழை. முதல்ல ஒழுங்காக் கலக்கப் பழகுங்க," என்றேன், எல்லோர் முன்னிலையிலும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வரைபடத்தைப் பிழையென்று ஒருவர் காட்டியதற்காக... வேறென்ன!

அந்த மாத முடிவில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

பிறகுதான் அவருடைய குறிப்பேட்டை எடுத்து, எழுதியிருந்தபடியே கலந்து செலுத்திப் பார்த்தேன். அதே சிறு முகடு! மாத்திரை வெப்பத்தில் சிதைவதால் உண்டாகும் பொருள் அது. மாத்திரை சந்தைக்குப் போகுமுன் தடுத்து, தயாரிப்பைத் திருத்தினோம். அறிக்கையில் என் பெயர் மட்டும். கைதட்டினார்கள்... எழுந்து நின்று ஏற்றுக்கொண்டேன்.

ஒரு நோயாளிக்கும் தீங்கில்லையே என்கிறீர்களா? நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிவந்தேன்.

போன பெருநாளுக்கு முன், உடுக்கச் சாறம் வாங்கப் போன கடையில் ரிப்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப லாப் வேலைக்குப் போகல்லையா?"

"இல்ல சேர். நீங்க சொன்னது சரிதான். மருந்து விசயத்தில பிழை விடுற ஆள் அதுக்குச் சரிவராது. ஆருக்கும் ஒண்டு ஆகிட்டா அல்லாஹ்க்கு என்ன பதில் சொல்ற?"

நான் ஒரு வசனம் சொன்னால் போதும்... நீங்கள் கண்டதுதான் உண்மை என்று!

"ஓம், அது சரிதான்," என்றேன்.

சாறத்தை நன்றாகச் சுற்றித் தந்தார். வீட்டார் சுகமா என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வேலையில் நான் இன்றும் தளரவில்லை. ஆனால், அந்தக் கடைத் தெருவால் அதன்பின் போகவுமில்லை.